வேவு பார்ப்பது வளர்ப்பாகுமா?

பிள்ளை எங்கே போகிறான், எவரோடு பழகுகிறான், கையிலுள்ள காசை எவ்வழியில் செலவிடுகிறான் என்பதையெல்லாம் அறிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் தீய வழியிற் செல்வது குறைவு. திண்ணையில் அமர்ந்து பெரியவர் உதிர்த்த பழமொழியன்று இது. மேனாட்டு உளநூலார் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து கண்ட முடிவு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சனும் அவர்தம் குழுவினரும் 1980-களில் இத்துறைக்கு வழிவகுத்தனர். பின்வந்தோர் பலர் அதனை வழிமொழிந்தனர். முடிவு பிறந்ததும் அறிவுரையும் பிறந்தது: "பெற்றோரே, கண்காணியுங்கள்!"

இவ்வறிவுரை கேட்டு அகமகிழ்ந்தோர் யாவர்? மகனின் புத்தகப் பையைத் துழாவுவோர், மகளுக்கு வந்த மடலைப் பிரித்துப் படிப்போர், இந்நாளில் கைப்பேசியின் துணைகொண்டு பிள்ளையின் நடமாட்டத்தை வீட்டிலிருந்தே வேவு பார்ப்போர். முன்பு அவர்கட்குச் சாத்திரம் துணைநின்றது. இப்போது அறிவியலும் துணைக்கு வந்துவிட்டதென்று எண்ணினர்.

வந்ததா? அதைத்தான் ஆராய வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் 'சைல்டு டெவலப்மெண்ட்' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. சுவீடன் நாட்டு ஓரெப்ரூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் ஆகிய இருவரும் எழுதியது. அவர்கள் எழுப்பிய கேள்வி மிக எளியது. பெற்றோர் அறிந்திருக்கிறார்கள், சரி, எப்படி அறிந்தார்கள்?

பழைய ஆய்வுகளிற் பலவும் கையாண்ட வினாக்களை அவர்கள் எடுத்து நோக்கினர். நண்பர் யாரென்று பெற்றோருக்குத் தெரியுமா? ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறாயென்று தெரியுமா? இரவில் எங்கே சென்றாயென்று தெரியுமா? தெரியுமா, தெரியுமா என்றே வரிசை நீண்டதேயொழிய, அவர்கள் தேடினார்களா, கேட்டார்களா, தொடர்ந்து வந்தார்களா என்னும் வினா அவற்றில் இல்லை. அளந்தது பெற்றோரின் அறிதலை. பெயர் சூட்டியதோ கண்காணிப்பு என்று! விளைந்த நெல்லை அளந்துவிட்டு, ஏற்றம் இறைத்த நீரை அளந்தேன் என்று கணக்கெழுதியது போலாயிற்று. மழை பெய்திருக்கலாமல்லவா?

மழைதான் பெய்திருந்தது. நடுச் சுவீடனில் பதினான்கு அகவையுள்ள 703 சிறுவர் சிறுமியரிடமும் அவர்தம் பெற்றோரிடமும் இருவரும் வினவினர். செய்தி பெற்றோரை வந்தடையும் வழிகளை மூன்றாகப் பிரித்தனர். பிள்ளை தானே மனமுவந்து சொல்வது ஒன்று. பெற்றோர் பிள்ளையிடமும் நண்பரிடமும் நண்பரின் பெற்றோரிடமும் கேட்டறிவது மற்றொன்று. அனுமதியின்றி வெளியே போகாதே, போய்வந்ததற்குக் கணக்குச் சொல் என்னும் கட்டுப்பாடு மூன்றாவது. பெற்றோர் அறிந்தவற்றுள் பெரும்பங்கு முதல் வழியாகவே வந்திருந்தது. விதிமீறல் குறைந்திருந்ததும் அவ்வழியோடுதான் மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. அதே ஆண்டில் அவர்கள் வெளியிட்ட பிறிதொரு கட்டுரை இன்னொன்றையும் காட்டியது. 'நாம் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறோம்' என்னும் உணர்வு மிகுந்த பிள்ளைகளிடம் நல்ல நிலை காணப்படவில்லை, தீங்கே கூடியிருந்தது.

படிக்கப் படிக்க இனிக்கிறது. இனிக்கிறது என்பதற்காகவே விழுங்கிவிடலாமா? நமக்கு உவப்பான முடிவைத்தான் நாம் இருமடங்கு உரைத்துப் பார்க்க வேண்டும். எதிரியின் ஏட்டைக் கிழித்துப் பார்க்கும் நாம், நம் பக்கம் பேசும் ஏட்டைக் கும்பிட்டுவிட்டால் பகுத்தறிவுக்கு அங்கே என்ன வேலை?

முதற்குறை இது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் தாயிடம் எல்லாவற்றையும் சொல்கிறான். கடையில் திருடியவன் வாய் திறப்பதில்லை. அவ்வாறாயின், சொன்னதால் அவன் நல்லவனானானா, நல்லவனாயிருந்ததால் சொன்னானா? ஒரே காலத்தில் எடுத்த கணக்கு இதற்கு விடை கூறாது. ஆன் பிளெட்சர், லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க் முதலியோர் 2004-இல் அதே இதழில் மறுப்பெழுதினர். கட்டுப்பாட்டுக்கும் பங்குண்டு, அதனை ஒரேயடியாய்த் தள்ளிவிட வேண்டாம் என்பது அவர்தம் வழக்கு. சுவீடனார் வாளாவிருக்கவில்லை. 938 இளைஞரையும் அவர்தம் பெற்றோரையும் ஈராண்டுக் காலம் பின்தொடர்ந்து 2010-இல் விடையிறுத்தனர். பெற்றோரின் கேள்விகளோ கட்டுப்பாடோ பின்னாளில் அவர்கள் அறியப்போவதை முன்கூட்டிக் காட்டவில்லை. பிள்ளை தானே சொன்னதுதான் காட்டியது. குற்றங்கள் கூடுவதையும் குறைவதையும்கூடக் கண்காணிப்பு முன்னறிவிக்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டதென்று நாம் கூறமாட்டோம். ஆயினும் "கண்காணியுங்கள்" என்னும் கட்டளைக்கு அறிவியல் போட்ட கையொப்பம் அழிந்துபோயிற்று என்று துணிந்து கூறலாம்.

சுவீடனின் நிலையையும் மறத்தலாகாது. பிள்ளையைப் பெற்றோரும் அடித்தலாகாதென்று 1979-இல் சட்டமியற்றிய நாடு அது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு. வாய் திறந்தால் முதுகில் அடி விழும் என்ற அச்சமில்லாத மண்ணில் பிள்ளை மனமுவந்து பேசுகிறது என்பதில் வியப்பென்ன? அந்த மண் எப்படிப் பண்படுத்தப்பட்டது என்பதைக் கட்டுரை பேசவில்லை. அது நமக்கு மனக்குறைதான்.

இரண்டாங்குறை இதனினும் பெரிது. அவ்வாய்வு கணக்கிட்ட தவறுகள் திருட்டும் பொருளைச் சிதைத்தலும் போன்றவை. எந்நாட்டிலும் தவறென்றே ஒப்பக்கூடியவை. ஆனால் வீட்டின் விதியே அநீதியாயிருந்தால்? வேற்றுச் சாதிப் பிள்ளையோடு அமர்ந்து உண்டதும், மேற்படிப்புக்கு மனு எழுதியதும், தன் மணமகனைத் தானே தேர்ந்ததும் குற்றமென்று எழுதிவைத்திருக்கும் வீட்டில், எல்லாவற்றையும் சொல்லிவிடும் மகள் நலம் பெறுவாளா, நசுக்கப்படுவாளா? அங்கே தந்தையின் அறிதல் காவலன்று, படைக்கலம். வகுப்பறையில் பதினான்கு அகவைப் பெண்களை நாள்தோறும் காணும் நமக்கு, அவர்களுள் சிலர் வீட்டுக்கு ஒரு முகமும் பள்ளிக்கு ஒரு முகமும் வைத்திருப்பது தெரியும். அதனை வஞ்சகமென்று நாம் ஒருநாளும் எழுதமாட்டோம்.

ஆகவே இவ்வாய்வை இங்கே நடத்திப் பார்க்க விழையும் உளவியல் மாணவர் எவரேனும் இருப்பின், வினாத்தாளை மொழிபெயர்ப்பதோடு நிற்க வேண்டாம். 'பெற்றோரிடம் சொல்கிறாயா?' என்னும் வினாவுக்கு அடுத்து, 'சொன்னால் உனக்கு என்ன நேரும்?' என்று இன்னுமொரு வினாவைச் சேர்த்து, மகனிடமும் மகளிடமும் தனித்தனியே கேட்டு எழுதட்டும்.