கலவை என்கிற சமாதானம்

லத்தீன் அமெரிக்கா என்றாலே மாய யதார்த்தம் என்று ஆரம்பித்துவிடும் நம் சிறுபத்திரிகைப் பழக்கத்தில் விட்டுப்போன பெயர் அந்தோனியோ கொர்னேஹோ போலார். பெரு நாட்டு விமர்சகர். லிமாவின் சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு வரைக்கும் வந்து, பிறகு அமெரிக்காவுக்குப் போய் பிட்ஸ்பர்க்கிலும் பெர்க்லியிலும் பாடம் நடத்தி, 1997இல் காலமானவர்.

அவர் விடாமல் சந்தேகித்தது ‘மெஸ்திஸாஹே’ என்ற இனிப்பான வார்த்தையை. ஸ்பானியரும் பூர்வகுடிகளும் கலந்து ஒரே அடையாளம் ஆகிவிட்டார்கள் என்கிற கதையாடல் அது. யாருக்கு வசதி? கலந்தது யார், கலக்கப்பட்டது யார் என்று கேட்க விரும்பாதவனுக்கு. 1994இல் வந்த ‘காற்றில் எழுதுதல்’ நூலில் அவர் 1532இன் கஹமார்க்காவுக்குப் போகிறார். பாதிரி வால்வெர்தே நீட்டிய புத்தகம் இன்கா அரசன் அதாவால்பாவிடம் எதுவும் பேசவில்லை, தரையில் விழுகிறது, அதையே சாக்காக வைத்துப் படுகொலை. எழுத்தும் பேச்சும் அங்கே முதன்முதலாக மோதிக்கொண்டன, உரையாடவில்லை. பெரு இலக்கியத்தை ஒற்றைப் பிரதியாக வாசிக்க முடியாது என்ற அவரது வாதத்துக்கு வேர் இங்கேதான் இருக்கு.

1996இல் புலம்பெயர்ந்த தன்னிலை பற்றி எழுதியதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப்படுகிறது. மலையிலிருந்து கடற்கரை நகரத்துக்கு இறங்கியவன் ரெண்டு ஊரையும் ஒன்றாக்கிச் சமாதானம் தேடுவதில்லை. ரெண்டு இடத்திலும் நின்று பேசுகிறான். அர்கெதாஸின் கடைசி நாவலில், மீன்மாவு ஆலைகள் மண்டிய சிம்போத்தே துறைமுகத்தில் கேட்கும் உடைந்த ஸ்பானிஷை நினைத்தால் விஷயம் பிடிபடும். அதை முடிக்காமலே 1969இல் அர்கெதாஸ் தற்கொலை செய்துகொண்டார்.

கொர்னேஹோ போலாரின் கடைசிக் கட்டுரை ஓர் எச்சரிக்கை: ஸ்பானிஷ் இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் செய்யப்படும் ஆய்வே மொத்தத் துறைக்கும் சட்டாம்பிள்ளை ஆகிவிடும். பெர்க்லியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லத் தைரியம் வேணும். (நமக்கு அந்தக் கண்டம் வந்ததே பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான்.)

ஆனால் எனக்கு இங்கே ஒரு பிணக்கு. கஹமார்க்காவில் அந்தப் புத்தகத்தோடு வந்திறங்கிய மொழிதானே ஸ்பானிஷ்? கெச்சுவா பேசுகிறவளுக்கு அதுவே சட்டாம்பிள்ளை. அமெரிக்காவுக்குள் வந்தால் கதை மறுபடி தலைகீழ். அங்கே அடிவாங்குவது ஸ்பானிஷ். டெக்ஸாஸ் பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல்முட்டியில் அடிவாங்கிய க்ளோரியா அன்சால்துவா, 1987இல் வந்த ‘எல்லைநிலங்கள்’ நூலில் ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் குறுக்கும்மறுக்குமாக ஓடவிட்டார். கொர்னேஹோ போலார் சந்தேகித்த சொல்லின் வேரிலிருந்தே ‘புதிய மெஸ்திஸா’ என்று தனக்குப் பெயர் எடுத்துக்கொண்டார். ஆள்பவன் சொன்னால் மழுப்பல். அடிபட்டவள் சொன்னால் அதுவே வேற சொல். இந்த வித்தியாசத்துக்கு அவருடைய கோட்பாட்டில் இடம் போதவில்லை.

அன்சால்துவா 2004இல் இறந்தார். அவர் முடிக்காமல் விட்ட முனைவர் பட்டத்தை கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் அடுத்த வருஷம் கொடுத்தது.