ஜியு என்றால் ஒயின் இல்லை

சீன இலக்கியத்தைத் தமிழில் படிக்கும்போது ஒரு சொல் என்னை விடாமல் உறுத்துகிறது: ஒயின். லி பாய் நிலவொளியில் ஒயின் குடிக்கிறார். லூ சுன் கதையில் கடைப்பையன் ஒயினைச் சூடுபடுத்துகிறான். மோ யான் நாவலில் சோளத்திலிருந்து ஒயின் காய்ச்சுகிறார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட திராட்சையில் செய்தது கிடையாது!

இந்தச் சொல் வந்த வழி ஆங்கிலம். எஸ்ரா பவுண்டும் ஆர்தர் வேலியும் நூறாண்டுக்கு முன்பு 'ஒயின்' என்று எழுதினார்கள், நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம். சீன மொழியில் 'ஜியு' என்பது எல்லா மதுவுக்கும் பொதுச்சொல். பியர் பிஜியு, திராட்சை மது புதாவ்ஜியு. இவை இரண்டையும் விட முக்கியமானவை ஹுவாங்ஜியுவும் பைஜியுவும், அதாவது மஞ்சள் மதுவும் வெள்ளை மதுவும்.

ஹுவாங்ஜியு புளிக்கவைத்தது, வடித்தது அல்ல. அரிசி, தினை போன்ற தானியங்களில் செய்வார்கள். இன்று புகழ்பெற்றது ஷாவோசிங் ஊரின் பசையரிசி மது. வீரியம் சுமார் 14 முதல் 18 சதவீதம். இதன் சூட்சுமம் 'சூ' என்கிற கட்டி. கோதுமையை ஈரமாக்கிச் செங்கல் போல அழுத்தி, பூஞ்சையும் ஈஸ்ட்டும் தானாகப் படிய விடுவார்கள். திராட்சையில் சர்க்கரை தயாராக இருக்கிறது. தானியத்தில் மாவுச்சத்துதான் உண்டு, முதலில் அதைச் சர்க்கரையாக உடைக்க வேண்டும். ஐரோப்பிய பியரில் இது தனிக்கட்டம்: முளைகட்டிய பார்லி அந்த வேலையை முடித்த பிறகுதான் ஈஸ்ட் வரும். சீனத் தொட்டியில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பேரலல் பிராசஸிங்.

பைஜியு வடித்தது. மூலப்பொருள் பெரும்பாலும் நம்ம ஊர்ச் சோளம்தான் (மக்காச்சோளம் அல்ல). மௌடாய் 53 சதவீதம். 1972ல் நிக்சனுக்கு சௌ என்லாய் கொடுத்தது இதைத்தான். வடித்தல் யுவான் காலத்தில் (1271–1368) வந்தது என்று லீ ஷிச்சென் தன் மருந்து நூலில் எழுதினார். அதற்கு முன்பே இருந்தது என்போரும் உண்டு. ஆனால் லி பாய் (701–762) காலத்துக் குடி என்பது பொதுவாகப் புளித்த தானிய மதுதான்.

'தாங் காலத்தில் திராட்சை மது இருந்ததே?' என்று கேட்கலாம். இருந்தது. 640ல் காவ்சாங்கைப் பிடித்தபின் அது அரசவைக்கு நன்றாகவே தெரியும், கவிதைகளிலும் வருகிறது. ஆனால் அங்கெல்லாம் 'திராட்சை' என்று பெயர் சொல்லியே வருகிறது. மேற்கிலிருந்து வந்த அபூர்வப் பொருள் என்பதுதான் அதற்குக் கவர்ச்சி. எல்லாவற்றையும் ஒயின் ஆக்கிவிட்டால் அந்த வித்தியாசமே காணாமல் போகிறது.

போவது தகவல் மட்டுமில்லை. பாய் சூயி ஒரு கவிதையில், வடிகட்டாத புது மதுவில் மிதக்கும் நொதியைப் பச்சை எறும்புகளாகப் பார்க்கிறார். ஒயின் கோப்பையில் எறும்பு என்றால் அருவருப்பு. கள் என்று போட்டுப் பாருங்கள், நமக்கு உடனே புரிகிறது. 1919ல் வந்த லூ சுன்னின் 'கோங் யிஜி' கதையிலும் அப்படித்தான். லூ சுன் ஷாவோசிங்காரர். மஞ்சள் மதுவைச் சூடாகக் குடிப்பது அந்த ஊர் வழக்கம். அதில் தண்ணீர் கலக்கத் துப்பில்லை என்றுதான் அந்தப் பையனைச் சூடுபடுத்தும் வேலைக்கு மாற்றுகிறார்கள். அது கூலிக்காரர்கள் நின்றுகொண்டே குடிக்கிற கடை. 'ஒயின்' அதை ஹோட்டல் பாராக மாற்றிவிடுகிறது. அந்தக் கதையே வர்க்கத்தைப் பற்றியது, அங்கே இது சின்னப் பிழை இல்லை.

இதில் வேடிக்கை, ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி தமிழுக்கு இருக்கிறது. புளித்தது கள், வடித்தது சாராயம். குழந்தைக்கும் தெரிந்த பிரிவு இது. நெல்லில் ஆக்கிய கள்ளுக்கே 'தோப்பி' என்று ஒரு சொல் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. லி பாய்க்கு அரிசிக்கள், மோ யானுக்குச் சோளச்சாராயம், மூலம் பொதுவாகச் சொல்லும் இடத்தில் வெறும் 'மது'. இவ்வளவு போதும்.

கள் என்றதும் வாசகர் பனைமரத்தை நினைப்பார் என்பது நியாயமான ஆட்சேபணை. அதற்கு ஒரு வரி அடிக்குறிப்பு போதும். ஒயின் என்றால் வாசகர் நினைப்பது தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பையை. அந்தப் படத்தை அழிக்க எத்தனை அடிக்குறிப்பு போட்டாலும் பத்தாது.