நிலத்தின் விலையும் நீதியின் அளவுகோலும்

சட்டத்தைப் பொருளியல் நோக்கில் ஆராயும் முறை, ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய கட்டுரையாலும் ரிச்சர்ட் போஸ்னர் 1973இல் வெளியிட்ட நூலாலும் மேலைச் சட்டக் கல்வியில் வேரூன்றிற்று. ஒரு தீர்ப்பு சமூகத்தின் மொத்தச் செல்வத்தைப் பெருக்குகிறதா என வினவுவதே போஸ்னர் காட்டிய வழி. அதனைச் செயங்கொண்டத்து மண்ணில் உரசிப் பார்ப்போம்.

பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்காக 1990களின் பிற்பகுதியில் அங்கு விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. அன்று பெரம்பலூர் மாவட்டத்திலிருந்த அவ்வூர்கள் இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளன. இழப்பீடு போதாதென உழவர்கள் நீதிமன்றப் படியேறினர். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. சுரங்கமோ வரவில்லை. 2020களில் நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர அரசு முன்வந்தது.

பொருளியல் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயிரக்கணக்கானோரிடம் தனித்தனியே விலை பேசி முடிப்பது அரிது. சிலர் மறுத்தாலும் பணி முடங்கும். ஆகவே கட்டாயக் கையகம் தேவை என்பர். பொதுத்தேவைக்காக நம் ஃபுகஹாக்களும் இதற்கு இடமளித்துள்ளனர். வேறுபாடு இழப்பீட்டில்தான் எழுகிறது. 1939இல் கால்டரும் ஹிக்ஸும் வகுத்த அளவுகோலின்படி, ஆதாயம் பெறுவோர் இழப்போருக்கு ஈடுசெய்யக்கூடிய நிலையில் இருந்தாலே போதும்; உண்மையில் ஈடுசெய்தாக வேண்டியதில்லை. போஸ்னரின் கோட்பாடும் இதற்கு மிக நெருங்கியதே.

உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படையில் தொகுத்த மஜல்லாவின் 1216ஆம் பிரிவு, பொதுப்பாதைக்காக ஒருவரது சொத்தை உரிய மதிப்புக்கு எடுக்க அனுமதிக்கிறது. ஆனால் அம்மதிப்பைச் செலுத்தும்வரை சொத்து அவர் கையை விட்டு நீங்கலாகாது என்றும் விதிக்கிறது. கணக்கேட்டில் மட்டும் நிற்கும் ஈட்டை அது ஈடாகவே கருதவில்லை.

1894ஆம் ஆண்டுச் சட்டம், 1984 திருத்தத்திற்குப் பின், தாமதமான இழப்பீட்டிற்கு முதலாண்டில் 9 விழுக்காடும் பின்னர் 15 விழுக்காடும் வட்டி வழங்கிற்று. முன்னரே செலுத்தியிருந்தால் வட்டி என்னும் பேச்சுக்கே இடமில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம், முழு இழப்பீடு தந்த பின்னரே நிலத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்றது. மஜல்லா சொன்ன இடத்திற்கு நம் நாட்டுச் சட்டமும் வந்து சேர்ந்தது.

பொருளியலை நம் மாணவர்கள் கற்கட்டும். செலவும் பயனும் அறியாத நீதிபதி இடர் விளைக்கக்கூடும். ஆயினும் எவருக்கு, எப்போது ஈடு கிடைத்தது என வினவாத கணக்கை நீதியின் இடத்தில் அமர்த்தலாகாது. நிலம் திரும்பலாம், நீதிமன்ற வாயிலில் கழிந்த இருபதாண்டுகள் திரும்புவதில்லை.