ஒட்டின இடம் தெரியட்டும்

பெண்ணாடம் பிரளயகாலேஸ்வரர் கோயில் விமானத்தைத் தூங்கானை மாடம் என்பார்கள். படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல வளைந்த கருவறை. ஒன்றின் உடலை இன்னொன்றில் ஏற்றிப் பார்க்கும் கற்பனை இந்த ஊருக்குப் பழசு. அதனால்தான், இதுபோன்ற ஊர்களின் கடைத்தெருவில் நிற்கும் மஞ்சள் நீராட்டு விழா பேனரைப் பட்டிக்காட்டு ரசனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிறைநிலாவில் சிறுமி, முதுகில் மயில்தோகை, பின்னால் பனிமலை, ஓரத்தில் தாய்மாமன்கள். அவுட்டோர் ஷூட்டும் வெட்டி ஒட்டும் கலையும் சந்திக்கும் இடம் இது.

ஆனால் பொருந்தாதவற்றைச் சேர்த்தாலே கற்பனை ஆகிவிடாது. தனித்தனியே பார்த்தபோது தெரியாத ஒன்றை ஒட்டு காட்ட வேண்டும். பெர்லினில் பெண்கள் இதழ்களுக்குத் தையல், பின்னல் மாதிரிகள் வரைந்து பிழைத்த ஹன்னா ஹோஹ், 1919-20இல் செய்த போட்டோ மாண்டேஜில் படைத்தளபதி ஹிண்டன்பர்க்கின் தலையை ஒரு நடனப்பெண்ணின் உடலில் ஒட்டினார். ராணுவ விறைப்பு அந்த ஓர் ஒட்டில் கலைந்துபோனது.

இந்த அளவுகோலுக்கு முன் நம் ஃபேஷன் புகைப்படத்தின் புகழ்பெற்ற முயற்சி ஒன்று தடுமாறுகிறது. சுஹாசினி மணிரத்னத்தின் 'நாம்' அறக்கட்டளைக்காக ஜி. வெங்கட் ராம் எடுத்த 2020 காலண்டரில் சமந்தா, ஷோபனா, ரம்யா கிருஷ்ணன், ஸ்ருதி ஹாசன் போன்றோர் ரவி வர்மாவின் ஓவியப் பெண்களாக வந்தார்கள். ஒளி, நகை, புடவை மடிப்பு என்று உழைப்பு அபாரம். நோக்கமும் நல்லது. ஆனால் ரவி வர்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1889 வாக்கில் அவர் தீட்டிய இசைக் கலைஞர்கள் ஓவியமே, ஒரே இடத்தில் கூடியிருக்க வாய்ப்பில்லாத பல பிரதேசத்துப் பதினொரு பெண்களை ஒன்றாக அமர்த்திய கற்பனைதான். அந்தத் துணிச்சலை விட்டுவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்டது காலண்டர்.

பெங்களூருவின் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்' வரிசையும் ரவி வர்மாவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் அங்கே நிற்பதில்லை. புஷ்பமாலாவே ரவி வர்மாவின் லட்சுமி. அவரே வேளாங்கண்ணி மாதா. அவரே செய்தித்தாளில் வந்த போலீஸ் படத்துப் பெண். காலனிய இனவரைவியல் படங்களில்போலச் சதுரக் கட்டத் திரைக்கு முன் அளவெடுக்கப்படும் தோடர் பெண்ணும் அவரே. இங்கே கத்தரி காகிதத்தில் படவில்லை, ஒரு முகம் படத்துக்குப் படம் தாவுகிறது. தெய்வமாகப் பார்க்கும் கண்ணும் குற்றவாளியாகப் பார்க்கும் கண்ணும் ஒரே பெண்ணை எப்படி மாற்றி மாற்றிச் செய்கின்றன என்பது அந்தத் தாவலில் தெரிகிறது. செட் போட்ட விதத்தைக் காட்டும் படங்களையும் வரிசையில் சேர்த்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த நேர்மை.

குறையும் உண்டு. மூலப்படங்களை அறியாதவருக்குப் பாதிதான் எட்டும். தோடர் பெண் இதிலும் பெயரற்ற மாதிரியாகவே மிஞ்சுகிறாள்; அவள் பட்ட அவமானத்தை வெளியிலிருந்து வந்த ஒருவர் அணிந்து பார்ப்பது உறுத்துகிறது. அளவுகோலுக்கு முன் தன் உடலையே நிறுத்தினார் என்பதால் உறுத்தல் குறைகிறது, தீரவில்லை.

இனி பேனர். அதன் நோய் கற்பனைக் குறைவு அல்ல, ரெடிமேட். நிலாவும் தோகையும் பனிமலையும் முன்கூட்டியே செய்துவைத்த ஃபைல். முகம் மட்டும் மாறும். யாருடைய கனவு அது என்று அந்தச் சிறுமியைக் கேட்டவர் இல்லை. அவளுக்குப் பிடித்த ஆடு, அவள் ஏறும் பஸ், வயல்வரப்பு எதுவும் அதில் வராது. இதனால் பெரும்பாலான பேனர்களைக் கலையென்று சொல்ல மாட்டேன்.

ஒரு வகையை மட்டும் விலக்கி வைக்கிறேன். வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய, புள்ளி புள்ளியாக உடைந்த பாட்டியின் முகத்தைப் பேத்தியின் காதணி விழாவில் குடும்பத்தின் நடுவே நிறுத்தும் பேனர். ஒளி வேறு, நிறம் வேறு, தோள் பொருந்தவில்லை. இறந்தவர் வந்திருக்கிறார், இந்த உலகத்தவராக வரவில்லை என்று அந்தப் பொருந்தாமைதான் சொல்கிறது. காலண்டரின் பன்னிரண்டு மாதங்களைவிட இதற்கே நான் மேலிடம் தருவேன்; புஷ்பமாலாவுக்கு அடுத்த இடம். பெண்ணாடத்தில் கேமரா தூக்கும் இளைஞர் வெங்கட் ராமிடம் ஒளியமைப்பைக் கற்கலாம், புஷ்பமாலாவிடம் கேள்வி கேட்கக் கற்கலாம். பாட்டியின் முகத்தை மட்டும் மென்பொருளில் போட்டு வழவழப்பாக்கிவிடக் கூடாது.