மூப்பரின் மொழிகள்: யாக்கோபு எச். யான்சனின் எழுத்தும் அதன் மொழிபெயர்ப்பும்

தென் உருசியாவிலிருந்து 1920களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த மென்னோனைட்டு மக்களின் எழுத்து, பெரும்பாலும் துன்ப வரலாற்றின் ஆவணமாகவே படிக்கப்பட்டு வந்துள்ளது. புரட்சி, உள்நாட்டுப் போர், 1921–22ஆம் ஆண்டுகளின் பஞ்சம், கடற்பயணம், பயணக்கடன், புதிய மண்ணில் மீள்குடியேற்றம் என்னும் வரிசையில் அந்நூல்கள் அடுக்கப்படுகின்றன. அவ்வரிசை பொய்யன்று. ஆயினும் ஒரே ஆசிரியர் ஒரு செய்தியை ஒரு மொழியிலும் மற்றொரு செய்தியை வேறொரு மொழியிலும் ஏன் எழுதினார் என்னும் வினாவுக்கு அவ்வாசிப்பில் இடமில்லை. சபைப் போதகர், பள்ளியாசிரியர், நாடக ஆசிரியர் என மூன்று நிலைகளில் வாழ்ந்த யாக்கோபு எச். யான்சனைப் (1878–1950) பொறுத்தமட்டில் இவ்வினாவே முதன்மையானது. அவருடைய எழுத்தை மொழிபெயர்க்க முனைவோர் தம் முதல் பக்கத்திலேயே இதற்கு விடை கண்டாக வேண்டும்.

மென்னோனைட்டுகள் பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தக் காலத்தில் தோன்றிய மறுதிருமுழுக்கு இயக்கத்தின் வழிவந்தோர். அறிவு வந்த பின்னரே திருமுழுக்கு, படைக்கலம் ஏந்தாமை, ஆணையிட மறுத்தல் ஆகியவை அவர்தம் கொள்கைகள். நெதர்லாந்துப் பகுதியிலிருந்து விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துக்குச் சென்ற ஒரு பிரிவினர், அவ்வட்டாரத்துத் தாழ்நில ஜெர்மனை வீட்டுமொழியாக ஏற்றனர். வழிபாட்டிலோ பதினெட்டாம் நூற்றாண்டு வரை டச்சு மொழியே நிலைத்திருந்தது. பின்னரே உயர்நில ஜெர்மன் அவ்விடத்தைப் பெற்றது. 1789 முதல் உருசியப் பேரரசின் தென்பகுதிக்குச் சென்று கோர்ட்டித்சா, மொலோச்னா ஆகிய குடியேற்றங்களை அவர்கள் அமைத்தபோது, பிளாவுட்டீச் எனப்படும் வீட்டுமொழியும் உயர்நில ஜெர்மனாகிய திருமறை மொழியும் உடன் சென்றன. அரசோடு பேச உருசிய மொழி பின்னர் வந்து சேர்ந்தது.

‘தாழ்’, ‘உயர்’ என்னும் அடைகள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறிப்பன. மொழியின் தரத்தை அல்ல. கடலோரச் சமவெளியின் மொழி தாழ்நில மொழி. தெற்கே மலைப்பாங்கான பகுதியின் மொழி உயர்நில மொழி. ஆங்கில வழியாக இச்சொற்களைப் பெறும் தமிழ் எழுத்தாளர் சிலர் ‘கீழ் ஜெர்மன்’ என எழுதிவிடுவதுண்டு. அந்த ஒரு சொல்லாலேயே மதிப்பீடு நுழைந்துவிடுகிறது. பிளாவுட்டீச், உயர்நில ஜெர்மனின் சிதைந்த வடிவம் அன்று. உயர்நில ஜெர்மனில் நிகழ்ந்த மெய்யொலி மாற்றம் அதில் நிகழவில்லை. ‘வெளியே’ எனப் பொருள்படும் ‘அவுஸ்’ அதில் ‘உட்’; ‘நீர்’ எனப் பொருள்படும் ‘வாஸர்’ அதில் ‘வோட்டா’. புல்வெளிக் குடியேற்றங்களில் தக்காளி, தர்ப்பூசணி, கடை முதலியவற்றுக்கு உருசிய, உக்ரேனியச் சொற்களையும் அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் யான்சன் காலத்தில் அதற்கு நிலைபெற்ற எழுத்திலக்கணம் இல்லை. அதில் திருமறையும் இல்லை. புதிய ஏற்பாடு 1987இலும் முழுத் திருமறை 2003இலுமே அம்மொழியில் அச்சாயின.

யான்சன் மொலோச்னாவைச் சேர்ந்த ஸ்டைன்பாக் என்னும் ஊரில் பிறந்தார். ஆசிரியத் தொழிலை இளமையிலேயே மேற்கொண்டார். 1906இல் போதகராக அமர்த்தப்பட்டார். மென்னோனைட்டு மரபில் போதகர் சபையாரால் தேர்ந்தெடுக்கப்படுபவர். ஊதியம் பெறுபவர் அல்லர். எனவே உழவோ கற்பித்தலோ வேறொரு தொழிலோ இன்றி அவர் குடும்பம் உண்ண இயலாது. போதகப் பணியின் சுமையில் ஒரு பங்கை மனைவியும் மக்களும் சுமந்தனர் என்பது இம்மரபின் வரலாற்று நூல்களில் போதிய அளவு பேசப்படாத செய்தி. உயர்நில ஜெர்மனில் அருளுரை ஆற்றிவிட்டு வீடு திரும்பும் போதகர், வாயிற்படி தாண்டியதும் பிளாவுட்டீச்சுக்கு மாறுவார். மேடையில் அவருக்கிருந்த அதிகாரம் அம்மொழிமாற்றத்தோடு கீழிறங்கிவிடும். யான்சனின் நாடகங்களுக்கு ஊற்றுக்கண் இவ்விறக்கமே எனலாம்.

1912இல் வெளிவந்த ‘தே பில்டுங்’, ‘தே என்பில்டுங்’ என்னும் இரு சிறு நாடகங்களும் பிளாவுட்டீச்சில் அமைந்தவை. ஒரு போதகர் நாடகம் எழுதுவதே அச்சமூகத்தில் ஐயத்துக்குரியது. புனைகதையைப் பொய்யுரையாகக் கருதும் போக்கு அங்கு வலுவாக இருந்தது. அவர் துணிந்து எழுதியதோடு, வீட்டுமொழியை அச்சிலும் ஏற்றினார். இரு தலைப்புகளுக்கும் இடையிலான சொல்விளையாட்டு, உயர்நில ஜெர்மனின் பெருமைக்குரிய கருத்தாகிய ‘பில்டுங்’ மீதே கைவைக்கிறது. கல்வி, பண்பாடு, ஆளுமை உருவாக்கம் ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிய சொல் அது. முன்னே ஓர் அசை சேர்ந்ததும் அது கற்பனைப் பெருமிதமாக, வீண் செருக்காக மாறிவிடுகிறது. தமிழில் ‘கல்வி’, ‘கர்வம்’ எனப் பெயர்த்தால் மோனை கிட்டும். ஒரு சொல்லின் வயிற்றிலிருந்தே மற்றது பிறக்கும் நகை கிட்டாது. ‘படிப்பு’, ‘படிப்புக் கொழுப்பு’ என்பது பேச்சு வழக்குக்கு நெருக்கமாயினும் முதற்சொல்லின் உயர்ந்த தொனியை இழக்கிறது. இரண்டனுள் பின்னதே ஏற்புடையது. இந்நாடகங்களில் உயர்தொனி என்பது ஏளனத்துக்கு உள்ளாகும் பொருள், காக்கப்பட வேண்டிய பொருள் அன்று.

இவற்றுக்கு முன், 1910இல், உயர்நில ஜெர்மனில் ஒரு கதைத்தொகுதியைப் புனைபெயரில் அவர் வெளியிட்டார். அதன் தலைப்பு லூக்கா நற்செய்தியில் முதியவர் சிமியோன் கூறும் கூற்றிலிருந்து எடுக்கப்பட்டது. லூத்தரின் ஜெர்மன் திருமறை அவ்விடத்தில் ‘இரட்சகர்’ என ஆளைக் குறிக்கும் சொல்லை ஆள்கிறது. வழக்கிலுள்ள பழைய தமிழ்த் திருமறையோ ‘இரட்சணியம்’ எனப் பண்பைக் குறிக்கும் சொல்லை ஆள்கிறது. மூலத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ்க் கிறித்தவ வாசகரின் செவிக்கு அது திருமறைச் சொல்லாக ஒலிக்காது. தமிழ்த் திருமறையைப் பின்பற்றினால் கண்ணால் ஒருவரைக் காண்பது என்னும் உருக்காட்சி மங்கும். தலைப்பின் பயன் அது திருமறை ஒலியாகக் கேட்பதில்தான் உள்ளது. ஆதலின் தமிழ்த் திருமறையின் சொல்லையே கொள்வது தகும்.

1924இல் யான்சன் தம் குடும்பத்தோடு கனடா சென்று ஒன்டேரியோ மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் குடியேறினார். 1919இல் கனடிய அரசு மென்னோனைட்டுகளின் வருகைக்கு விதித்திருந்த தடை 1922இல் நீக்கப்பட்டது. கனடியப் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனம் கடனுக்குப் பயணம் அளித்தது. 1923 முதல் 1930 வரை ஏறத்தாழ 20,000 பேர் அவ்வாறு வந்து சேர்ந்தனர். அப்பயணக்கடன் 1946இலேயே முற்றும் தீர்ந்தது.

வாட்டர்லூவின் மொழிச்சூழல் விரிவான நோக்குக்குரியது. அருகிலிருந்த பெர்லின் நகரம் போர்க்கால ஜெர்மன் எதிர்ப்பால் 1916இல் கிச்சனர் எனப் பெயர் மாற்றம் பெற்றிருந்தது. வந்தோரை வரவேற்று இல்லங்களில் ஏற்ற பழங்குடியேறிகளும் மென்னோனைட்டுகளே. ஆனால் அவர்கள் சுவிட்சர்லாந்து, தென் ஜெர்மனி வழியாகப் பென்சில்வேனியா சென்று அங்கிருந்து வந்தவர்கள். அவர்களின் வீட்டுமொழியாகிய பென்சில்வேனிய ஜெர்மன், உயர்நில மொழிக்குழுவைச் சார்ந்தது. ஒரே சமயம், ஒரே இனப்பெயர். எனினும் அடுக்களையில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை. திருமறையின் ஜெர்மனே இரு தரப்பாருக்கும் இடையே பாலமாயிற்று. உருசியாவில் உயர்நில ஜெர்மன் மேடைமொழி. இங்கே சில காலம் அது முற்றத்து மொழியாகவும் பணிபுரிந்தது.

ஆங்கிலம் குடும்பத்துள் நுழைந்த வழி ஒன்றன்று. மக்கள் பள்ளியில் அதனைக் கற்றனர். ஆயினும் பயணக்கடனை அடைப்பதற்காக நகரத்து ஆங்கிலக் குடும்பங்களில் பணிப்பெண்களாகச் சேர்ந்த இளம்பெண்கள் வழியாகவும் அது வீட்டை அடைந்தது. அப்பெண்களுக்கெனச் சபைகள் நகரங்களில் தங்கும் இல்லங்களை நடத்தின. அவ்வில்லங்களில் வழிபாடு ஜெர்மனில் நடந்தது. வாரத்தின் மற்ற நாள்கள் ஆங்கிலத்தில் கழிந்தன. ஜெர்மன் போனால் விசுவாசமும் போகும் என்று எச்சரித்த போதகர் பலர். அவர்தம் முன்னோரே டச்சு மொழியை விட்டு ஜெர்மனுக்கு மாறியவர்கள் என்பதை அவ்வெச்சரிக்கை மறந்துவிட்டது. அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று கூறவும் இயலாது. பாடல்களும் மறைவினாவிடையும் ஜெர்மனில் இருந்தன. அவற்றைக் கைமாற்ற வேறு வழி அன்று தோன்றியிருக்கவில்லை.

1926இல் யான்சன் மூப்பராக உயர்த்தப்பட்டார். அதன்பின் அவர் எழுதியவற்றுள் இரண்டை அருகருகே வைத்து நோக்குதல் பயன்தரும். ஒன்று ‘உட்வாவுன்ட்ரெ’ என்னும் பிளாவுட்டீச் நாடகம். மற்றொன்று 1940களின் பிற்பகுதியில் உயர்நில ஜெர்மனில் பகுதி பகுதியாக வெளிவந்த ‘வாண்டர்ன்டெஸ் ஃபோல்க்’ என்னும் நெடுங்கதை. இரு தலைப்புகளிலும் வேர்ச்சொல் ஒன்றே, பொருளும் குடிபெயர்வே. நாடகத்தின் தலைப்பு வினை: ‘ஊரைவிட்டுப் போதல்’. நெடுங்கதையின் தலைப்பு பெயர்: ‘அலைந்து செல்லும் மக்களினம்’. பின்னதில் இசுரவேலரின் பாலைவனப் பயணம் எதிரொலிக்கிறது. துன்பம் இறைத்திட்டத்தின் பகுதியாகிறது. மூப்பரின் குரல் கதைமாந்தரின் குரலை மூடுகிறது. முன்னதில் பெட்டி கட்டுவதும் விற்பதும் வாதிடுவதுமாகிய வீட்டு வாழ்க்கைக்குரிய மொழி அது. அருளுரை ஆற்ற அம்மொழியில் மரபு இல்லை. யான்சனின் உயர்நில ஜெர்மன் உரைநடை சீரியது; அவருடைய பிளாவுட்டீச் எழுத்தே இலக்கியம் என்று மதிப்பிடுவதில் தவறில்லை. மொழித் தேர்வே அவரைப் போதகர் நிலையிலிருந்து விடுவித்தது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 1929இல் ‘என் வாழ்விலிருந்து’ எனப் பொருள்படும் தலைப்பில் உயர்நில ஜெர்மனில் அவர் வெளியிட்ட நினைவுக்குறிப்பு, இழந்த தாயகத்தைப் பொற்காலமாகப் பாடும் பல நூல்களினின்று வேறுபடுகிறது. வளமான மொலோச்னாவின் மறுபக்கத்தையும் அது காட்டுகிறது. இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1998இல் வெளியானபோது அதன் தலைப்பு ‘திரையை விலக்குதல்: புரட்சிக்கு முன் உருசியாவில் மென்னோனைட்டு வாழ்க்கை’ எனப் பொருள்படுவதாக மாறியது. ஆங்கில வாசகருக்கு அது உதவும் தலைப்பே. ஆனால் ஒரு மனிதர் ‘என்’ என்று சொன்ன இடத்தில் ஒரு சமூகம் வந்து நின்றுவிட்டது. தம் நினைவை எழுதியவர் சாட்சியாக மாற்றப்பட்டார். துன்ப வரலாற்றின் ஆவணமாக இவ்வெழுத்தைப் படிக்கும் பழக்கம் அட்டையிலேயே தொடங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆங்கிலத்தில் இச்சமூகத்தை நாவலாக்கிய ரூடி வீபியின் ‘அமைதி பலரை அழிக்கும்’ (1962) என்னும் படைப்பிலும் மொழியே பூசலுக்குரிய பொருள்களுள் ஒன்று: கூட்டத்தில் அயலாரும் உளர் என்பதால் ஆங்கிலத்தில் பேசும் இளைஞன் கண்டிக்கப்படுகிறான். முழுவதும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூலில் இம்மொழிப் பூசலை வாசகர் அறிவாலேயே உணர வேண்டியுள்ளது. செவியால் உணர வழியில்லை. யான்சனின் நூல்களை ஆங்கிலமாக்கும்போதும் இதுவே நேர்கிறது.

தமிழுக்கு இங்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதிலேயே ஓர் இடரும் உண்டு. எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்னும் இரட்டை வழக்கு தமிழ் வாசகரின் அன்றாட அனுபவம். மேடைக்குச் செந்தமிழும் வீட்டுக்குக் கொச்சையும் எனப் பிரித்து யான்சனைப் பெயர்ப்பது எளிது. அது வாசகருக்கு உடனே விளங்கவும் செய்யும். ஆனால் பெர்குசன் 1959இல் வரையறுத்த இரட்டை வழக்கு ஒரே மொழியின் இரு நிலைகளைப் பற்றியது. ஃபிஷ்மன் 1967இல் அதனை வெவ்வேறு மொழிகளுக்கும் விரித்தார். மென்னோனைட்டு நிலைமை இப்பின்னதைச் சார்ந்தது. பிளாவுட்டீச்சைக் கொச்சைத் தமிழாக்கினால், அது சிதைந்த ஜெர்மன் என்னும் பழைய இழிவுரையைத் தமிழ் மொழிபெயர்ப்பாளரே மீண்டும் அச்சேற்றியவராவார். ஏதேனும் ஒரு வட்டார வழக்கை, அதன் சொல்வளம் முழுவதோடும் தன்னிறைவுடைய மொழியாகக் கையாள்வதே பொருந்தும். கரிசல் எழுத்தாளர்கள் வட்டார மொழியை எடுத்துரைப்பின் மொழியாகவே உயர்த்திக் காட்டியுள்ளதால் தமிழ் உரைநடைக்கு இது புதிதன்று. நெல்லைக் கிறித்தவக் குடும்பங்களின் வழக்கு பொருத்தமாகத் தோன்றலாம். அதில் திருமறைச் சொற்கள் மிகுதியாதலால், யான்சன் பிரித்து வைத்த இரண்டையும் அது கலந்துவிடும்.

போதகரைக் குறிக்கும் சொல்லும் எளிதன்று. ‘பாதிரியார்’ என்பது போர்த்துகீசியர் வழி வந்தது. தனித்த குருகுலத்தையும் ஊதியத்தையும் நினைவூட்டுவது. குருமார் வகுப்பையே மறுத்த மென்னோனைட்டு மரபுக்கு அது நேர் எதிர். ‘ஐயர்’ எனத் தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் வழங்கிய சொல் வேறு பொருளோடு மயங்கும். சபையின் தலைமைப் பொறுப்பாளருக்கு ‘மூப்பர்’ என்னும் தமிழ்த் திருமறைச் சொல் மிகப் பொருந்துகிறது. ஜெர்மன் மூலமும் வயதில் மூத்தவர் என்றே பொருள்படும்.

ஆனால் மக்கள் தம் போதகரை வீட்டுமொழியில் விளித்த சொல் ‘ஓம்’. இதன் மூலமாகிய பழைய ஜெர்மன் சொல் தாயுடன் பிறந்தானைக் குறித்தது. பிளாவுட்டீச்சில் மூத்த ஆடவர்க்குரிய மதிப்புச் சொல்லாகவும் போதகர்க்குரிய பெயராகவும் வழங்கியது. ‘மாமா’ என்றால் தமிழ் வாசகர் மனத்தில் மணவுறவு முறை எழும். ‘பெரியப்பா’ என்றால் தந்தைவழிப் பங்காளி உறவு எழும். ‘ஐயா’ என்றால் உறவே மறையும். மேலும் தமிழ் ஒலிப்பில் ‘ஓம்’ என்று அப்படியே எழுதவும் இயலாது. காரணம் சொல்லத் தேவையில்லை. விளியில் ‘பெரியவரே’ என்றும், வீட்டார் தம்முள் பேசும் இடங்களில் ‘நம்ம பெரியவர்’ என்றும் ஆள்வது ஓரளவு ஈடுசெய்யும். உறவுச்சொல்லின் வெம்மை அதில் குறைவே. எனினும் ஞாயிறன்று மேடையில் நிற்பவரும் திங்களன்று வேலியோரம் நின்று விதையின் விலையைப் பேசுபவரும் ஒருவரே என்பதை அச்சொல் தாங்கும்.