மேனேஜர் இல்லாத ஊர்

உங்கள் மேனேஜரை உங்களுக்குப் பிடிக்குமா? சத்தமாகச் சொல்ல வேண்டாம். லீவு கேட்டால் முகம் சுளிப்பவர், நீங்கள் ஆறு மணிக்குக் கிளம்பும்போது சரியாகக் கடிகாரத்தைப் பார்ப்பவர். இந்த மனுஷன் மட்டும் இல்லாவிட்டால் ஆபீஸ் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பீர்கள். அப்படிப்பட்ட ஆபீஸ் ஒன்றின் கையேட்டை இந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன்.

அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்தில் பெல்வியூ என்று ஓர் ஊர். அங்கே வால்வ் என்ற வீடியோ கேம் கம்பெனி. மைக்ரோசாஃப்ட்டை விட்டு வந்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் 1996-ல் ஆரம்பித்தது. 'ஹாஃப் லைஃப்' இவர்கள் செய்ததுதான். உங்கள் வீட்டுப் பையன் கேம் வாங்கித் தரச்சொல்லி அடம்பிடிக்கும் 'ஸ்டீம்' கடையும் இவர்களுடையதே. புதிதாகச் சேர்பவர்களுக்காக இவர்கள் எழுதிய கையேடு 2012-ல் வெளியே கசிந்து, ஊர் உலகமெல்லாம் படித்தது.

ஜாலியான புத்தகம். கார்ட்டூன் எல்லாம் உண்டு. விஷயம் இதுதான்: இங்கே யாருக்கும் யாரும் பாஸ் இல்லை. நியூவெல்கூட உங்களுக்கு பாஸ் இல்லை. உங்கள் மேஜைக்குச் சக்கரம் உண்டு. எந்த வேலை பிடிக்கிறதோ அந்தக் கோஷ்டி பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஐக்கியமாகிவிடலாம். கோஷ்டிக்கு அவர்கள் வைத்த பெயர் 'கபால்'. ஆங்கிலத்தில் சதிக்கூட்டம் என்று அர்த்தம். விளையாட்டாகத்தான் வைத்தார்கள். அப்போது அங்கே பொருளாதார நிபுணராக இருந்து, 2015-ல் கிரீஸின் நிதியமைச்சரான யானிஸ் வருஃபாகிஸும் இந்த ஏற்பாட்டைச் சிலாகித்து எழுதினார்.

சரி ஸார், சம்பளத்தை யார் முடிவு செய்வது? கூட வேலை பார்ப்பவர்கள்தான். ஒரே புராஜெக்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் ரேங்க் போட வேண்டும். சம்பளம் அதைப் பொறுத்தது. ஒருவரிடம் நல்ல பெயர் எடுத்தால் போதும் என்றிருந்தது போய், காபி மெஷின் பக்கத்தில் நிற்கும் அத்தனை பேரிடமும் எடுத்தாக வேண்டும். ஒரு மாமியார் போய்ப் பத்து நாத்தனார் வந்த கதை.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தங்களுக்கு எதெல்லாம் சரியாக வரவில்லை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். புதியவர்களுக்கு வழிகாட்டுவது, வேலை கற்றுத்தருவது, கம்பெனிக்குள் தகவல் போய்ச் சேருவது, சில மாதங்களுக்கு மேல் கணித்துச் சொல்வது. நேர்மையான பட்டியல், பாராட்டலாம். ஆனால் 'என் கையெழுத்து கொஞ்சம் மோசம்' என்கிற தொனியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ஒரு நல்ல மேனேஜர் தினமும் செய்கிற வேலை முழுக்க இதுதானே?

ஜோ ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பெண்மணி இதை 1970-லேயே பிடித்துவிட்டார். அவர் பேசியது கம்பெனிகளைப் பற்றி அல்ல, தலைமையே வேண்டாம் என்று நடந்த பெண் விடுதலைக் குழுக்களைப் பற்றி. அமைப்பே இல்லாத குழு என்று எதுவும் கிடையாது, எழுதி வைக்காத அமைப்பு ஒன்று இருந்தே தீரும் என்றார். சேர்ந்து சாப்பிடுகிற நாலு சிநேகிதர்கள் முடிவெடுப்பார்கள். அவர்களை யாரும் நியமிக்கவில்லை, அதனால் யாரும் இறக்கவும் முடியாது. தடியெடுத்தவன் தண்டல்காரன், இங்கே தடியும் கண்ணுக்குத் தெரியாது.

வால்வில் வன்பொருள் பிரிவில் இருந்த ஜெரி எல்ஸ்வொர்த் 2013-ல் வேலை போன பிறகு ஏறக்குறைய இதையேதான் சொன்னார். மேலே தெரியாத ஓர் அதிகார அடுக்கு உள்ளே இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் செல்வாக்கான பிள்ளைகளின் செட் மாதிரி என்றார். வேலை போனவர் சொல்வது, ஒரு பக்கத்து நியாயம்தான். ஆனால் மறுபக்கத்தை யாரிடம் போய்க் கேட்பது? அங்கேதான் யாரும் யாருக்கும் பாஸ் இல்லையே!

எனக்கு முதல் வேலையில் ஒரு ஹெட் கிளார்க் வாய்த்தார். நான் எழுதிய கடிதத்தை மூன்று முறை திருப்பி எறிந்தார். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபப்பட ஓர் ஆள் இருந்தார், அவரைப் பற்றிப் புகார் சொல்ல இன்னொருவர் இருந்தார், மூன்றாவது முறை கடிதம் எழுதவும் வந்தது. வால்வில் சேரும் கூச்ச சுபாவமுள்ள பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். சிநேகிதர்கள் இல்லை. மேஜைக்குச் சக்கரம் இருக்கிறது. எந்தப் பக்கம் தள்ளுவாள்?

கம்பெனி நொடித்துப் போகவில்லை. ஸ்டீம் கடை காசை அள்ளுகிறது, அதனால் இந்தச் சோதனையை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடத்தலாம். கேம் விஷயம்தான் வேறு. 'ஹாஃப் லைஃப்' கதை 2007-ல் உச்சக்கட்டத்தில் நின்றது. அடுத்தது 2020-ல்தான் வந்தது, அதுவும் முன்கதை. நடுவில் ஆரம்பித்துக் கைவிட்ட கேம்கள் பல. அவரவருக்குப் பிடித்ததைச் செய்தால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள் என்று நினைத்தது தப்பு என்று, அந்தக் கேம் உருவான கதையைக் கேட்டு வந்தவர்களிடம் வால்வ்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். ஒரே கேமில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த பிறகுதான் அது முடிந்ததாம்.