கடல் கடந்த நகைக்கூத்து

ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் அரங்க வரலாற்றை எழுதப் புகுவார் பெரும்பாலும் ஷேக்ஸ்பியரையே அளவுகோலாகக் கொள்கின்றனர். கல்கத்தாவின் சான் சூசி அரங்கில் 1848-ஆம் ஆண்டு வைஷ்ணவ சரண் ஆட்டி என்னும் வங்காளியர் ஒதெல்லோவாக நடித்த செய்தி தவறாது கூறப்படுகின்றது, அது தக்கதே. ஆயின், அந்நாளைய அரங்கில் பெருநாடகத்தோடு இரவு முடிவதில்லை. அதற்கு முன்னோ பின்னோ 'பார்ஸ்' எனப்படும் ஓரங்க நகைக்கூத்து ஒன்று நிகழும். அவ்வரைமணி நேரத்தை அற்பமென ஒதுக்கியமையால், இந்திய நாடகம் புதுமை பெற்ற வழிகளுள் ஒன்று நம் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

இவ்வகைக்குச் சான்றாக ஜான் மாடிசன் மார்ட்டன் இயற்றிய 'பாக்ஸ் அண்டு காக்ஸ்' என்பதனைக் கொள்வோம். 1847-இல் இலண்டன் லைசியம் அரங்கில் முதன்முதல் நடிக்கப்பெற்ற இக்கூத்து, பிரெஞ்சு நாடகங்களைத் தழுவியது. பாக்ஸ் இரவெல்லாம் அச்சகத்தில் உழைப்பவன். காக்ஸ் பகலில் தொப்பி செய்பவன். வீட்டுக்காரி ஒரே அறையை இருவருக்கும் வாடகைக்கு விட்டு இருபுறமும் பணம் பெறுகிறாள். ஒருவனை மற்றவன் அறியான். ஒருநாள் காக்ஸுக்கு விடுமுறை கிடைக்க, ஒருவன் அடுப்பிலிட்ட இறைச்சியை மற்றவன் எடுத்தெறிய, உண்மை வெளிப்படுகின்றது. இறுதியில் இருவரும் உடன்பிறந்தார் என முடிகின்றது. எவ்வாறெனின், ஒருவன் மற்றவனை நோக்கி உடலில் மச்சம் உண்டோ என வினவ, அவன் இல்லையென, அதுவே சான்றாகி இருவரும் தழுவிக்கொள்கின்றனர்! பிரிந்தார் அடையாளத்தால் கூடுதல் என்பது அவலநாடகத்தின் உயிர்நிலை. சற்று முன்னர் அதே மேடையில் கண்ணீரோடு அவையோர் கண்டிருக்கக்கூடிய ஒன்றை இக்கூத்து கவிழ்த்துப் போடுகின்றது. தனியே படிப்பார்க்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றும். பெருநாடகத்தின் அருகில் வைத்தாலன்றி இதன் பொருள் விளங்காது.

கடல் கடந்த அரங்குகள் இக்கூத்துகளை விரும்பி ஏற்றமைக்குக் காரணம் எளிது. மூவர் போதும், ஓர் அறை போதும், லேசி என்பாரின் மலிவுப் பதிப்பில் உடை, நுழைவு, இருக்கை எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. நடிகையர் கிட்டாத படைத்தள அரங்குகளில் இளம் அலுவலரே பெண்வேடம் புனைந்தனர். எனினும், பொருள் அவ்வாறே கடல் கடந்ததா? ஏவலர் பலர் சூழப் பெருமனைகளில் வாழ்ந்த கல்கத்தா ஆங்கிலேயர்க்கு, ஒற்றை அறைக்கு வாடகை தந்து தானே அடுப்பு மூட்டும் தொழிலாளியின் இடர்ப்பாடு எள்ளற்பொருளாக மட்டும் இருந்திராது. அது விட்டுவந்த ஊரின் வாடையும் ஆகும் என்று கருத இடமுண்டு.

சான் சூசி அரங்கை நிறுவிய எஸ்தர் லீச் அம்மையார்க்கு நேர்ந்ததும் ஈண்டு நினையத்தக்கது. 1843 நவம்பரில் பெருநாடகம் முடிந்து, 'தி ஹேண்ட்சம் ஹஸ்பெண்ட்' என்னும் சிறு கூத்து நிகழ்கையில், மேடையின் பக்கத்தில் தம் முறைக்காகக் காத்திருந்தார். எண்ணெய் விளக்கின் தீ அவர் ஆடையைப் பற்றியது. சின்னாட்களில் உயிர் நீத்தார். அரங்கும் அதன்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1849-இல் மூடப்பெற்றது.

இனி, இந்நாட்டவர் இதனின்று கொண்டது யாது? பம்பாயில் 1853 அக்டோபரில் பார்சி நாடகக் குழுவினர் கிராண்டு ரோடு அரங்கில் ருஸ்தம்-சோராப் கதையை நடித்தபோது, 'தன்ஜி கரக்' என்னும் நகைக்கூத்தையும் இணைத்தே நடித்தனர். மராத்தியரோ 'பார்ஸ்' என்னும் சொல்லையே தம்மொழியில் ஏற்றனர். இவ்விரண்டையும் நோக்குமிடத்து, கடன் பெற்றது கதையன்று, இரவு நிகழ்ச்சியில் அதற்குரிய இடமே என்பது புலனாகும். புராணமும் வீரமும் ஆண்ட மேடையில் சமகால மனிதன் வந்து நிற்பதற்கு அவ்விடம் உதவிற்று.

வடமொழிப் பிரகசனமும் ஆங்கில நகைக்கூத்தும் ஒன்றே என்பாரோடு எமக்கு உடன்பாடில்லை. நகைக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்களுள் மார்ட்டன் கையாள்வது பேதைமை. அவர் கூத்தில் குற்றவாளி எவருமில்லை. வீட்டுக்காரியின் பேராசையும் மன்னிக்கப்படுகின்றது. மகேந்திரவர்மனின் 'மத்தவிலாசப் பிரகசனம்' முதலியவற்றில் தலைநிற்பது எள்ளல். மைக்கேல் மதுசூதன தத்தர் 1860-இல் வெளியிட்ட இரு பிரகசனங்களில் ஐரோப்பிய வடிவச் சுருக்கமும் இவ்வெள்ளலும் கூடின. ஒன்று, மதுவையே நாகரிகமெனக் கொண்ட ஆங்கிலம் கற்ற இளைஞரைச் சாடுகின்றது. மற்றொன்று, பக்தி வேடம் பூண்ட முதிய நிலக்கிழாரை. மார்ட்டனின் கூத்தால் எவரும் சினந்திலர். தத்தரின் நூல்களையோ, அவற்றை எழுதுமாறு வேண்டிய பெல்காச்சியா அரங்கத்தாரே மேடையேற்றத் துணிந்திலர். இளைஞரைப் பற்றியது, 1865-இல்தான் சோபாபஜாரில் வேறொரு குழுவினரால் நடிக்கப்பெற்றது.